தழும்பில்லாத பிரதி

சில பிரதிகளைப் படிக்கும்போது எதுவோ குறைகிறது என்று மனம் சொல்லும். எங்கே என்று கேட்டால் விரல் வைத்துக் காட்ட ஓர் இடம் அகப்படாது. சொற்கள் வரிசையாக நிற்கும், வாக்கியங்கள் ஒழுங்காக முடியும், ஆனாலும் நம்பிக்கை வராது. என் கைக்கு வந்த ஒரு தொகுப்பு நெடுநாளாக இப்படித்தான் என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. 2000ஆம் ஆண்டை ஒட்டிய வருடங்களில் சுவிஸ் தமிழர் சிலர் நடத்தி, பிறகு கைவிட்ட ஓர் இணையத்தளத்தின் பக்கங்கள் அவை. மரண அறிவித்தல்கள், ஊர்ச் சங்க ஒன்றுகூடல்கள், பிறந்தநாள் வாழ்த்துகள், நிறையக் கவிதைகள். யாரோ ஒருவர் மிகுந்த அக்கறையோடு அவற்றின் எச்.டி.எம்.எல். டேக்குகளை நிரல் கொண்டு களைந்து, யூனிகோடுக்கு மாற்றி, வெறும் உரைக் கோப்புகளாக அடுக்கி வைத்திருந்தார். சுவிஸின் இன்டர்லாக்கனில் என் அறையில் இரவுகளில் அவற்றைப் படிக்கிறேன். இங்கே ஃபூன் காற்று வீசும் நாட்களில் யுங்ஃப்ராவ் சிகரம் பக்கத்து வீட்டுக் கூரைக்கு மேல் வந்து நிற்பதுபோலத் தெரியும். பனியின் ஒவ்வொரு வெடிப்பையும் எண்ணலாம். இவ்வளவு தெளிவு வந்தால் பின்னால் மழை வருகிறது என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். இந்தக் கோப்புகளின் தெளிவும் எனக்கு அப்படித்தான் பட்டது.

வலைப்பக்கத்திலிருந்து உரையை மட்டும் பிரித்தெடுப்பது வலைக்கு இணையான வயதுள்ள வேலை. இதே நாட்டின் மேற்கு மூலையில், ஜெனீவாவின் சேர்ன் ஆய்வகத்தில், டிம் பேர்னர்ஸ்-லீ தன் முன்மொழிவை எழுதியது 1989இல். 1990 முடிவதற்குள் முதல் உலாவி அவருடைய நெக்ஸ்ட் கணினியில் ஓடியது. ஆனால் நெக்ஸ்ட் வைத்திருந்தவர்கள் சொற்பம். அங்கே பயிற்சிக்கு வந்திருந்த நிகோலா பெல்லோ என்ற கணித மாணவி, எந்தச் சாதாரண முனையத்திலும் ஓடக்கூடிய வரிமுறை உலாவி ஒன்றை எழுதினார். அதில் நிறம் கிடையாது, எழுத்துரு கிடையாது, சுட்டியை வைத்துச் சொடுக்க வழி கிடையாது. இணைப்பு இருந்த இடத்தில் சதுர அடைப்புக்குள் ஓர் எண் நிற்கும். எண்ணைத் தட்டினால் அடுத்த பக்கம் வரும். எச்.டி.எம்.எல்.லை வெறும் எழுத்தாக்கிய முதல் கருவிகளில் ஒன்று அது. அந்தச் சதுர அடைப்பு எண்ணை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். எடுத்துவிட்ட ஒன்றின் இடத்தில், எடுத்தேன் என்பதற்கான அடையாளத்தை வைத்துவிட்டுப் போகும் நேர்மை அதில் இருக்கிறது. 2004 வாக்கில் ஏரன் ஸ்வார்ட்ஸ் எழுதிய ‘எச்.டி.எம்.எல். டு டெக்ஸ்ட்’ என்ற பைத்தான் நிரல்மொழி லைப்ரரியிலும் அந்த நேர்மை தொடர்கிறது. தலைப்பை ஹாஷ் குறியாகவும், அழுத்தத்தை உடுக்குறியாகவும், இணைப்பைச் சதுர அடைப்பும் வளைவு அடைப்புமாகவும் மாற்றி, மார்க்டவுன் என்ற வடிவில் உரையைத் தருகிறது. மார்க்டவுனை ஜான் குரூபர் வெளியிட்டதும் அதே 2004இல்தான். அதன் இலக்கணத்தை வகுத்ததில் ஸ்வார்ட்ஸுக்கும் பங்குண்டு. அப்போது அவர் பதின்வயதுப் பையன். பிறகு இணைய ஆவணக் காப்பகத்தின் திறந்த நூலகத் திட்டத்தில் உழைத்தார். ஜேஸ்டோர் தளத்தின் ஆய்வுக் கட்டுரைகளை மொத்தமாக இறக்கியதற்காக அமெரிக்க அரசு தொடுத்த வழக்கின் நடுவே 2013 ஜனவரியில் 26 வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். எழுத்தை அது அடைபட்டிருக்கும் கூட்டிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும் என்ற தவிப்பு அவர் செய்த எல்லாவற்றிலும் இருக்கிறது. அந்தச் சிறிய லைப்ரரியை நான் மரியாதையோடுதான் திறக்கிறேன்.

ஆனாலும் அதன் அமைப்புகளைப் படிக்கும்போது ஒரு தயக்கம். இணைப்புகளை விட்டுவிடலாமா, படங்களை விட்டுவிடலாமா, அழுத்தத்தை விட்டுவிடலாமா, அட்டவணைகளை விட்டுவிடலாமா என்று வரிசையாகக் கேட்கிறது. எழுத்துருவைப் பற்றிய கேள்வி மட்டும் எங்கும் வருவதில்லை. கேட்கத் தேவையில்லை என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது. எழுத்துரு தோற்றம், தோற்றம் உரையல்ல. வரி ஒன்றுக்கு 78 எழுத்து என்று அது மடிக்கிறதே, அந்தக் கணக்கும் யாருடைய எழுத்து என்று கேட்பதில்லை. ‘இன்டர்லாக்கன்’ என்ற சொல் நம் வாயில் எட்டு எழுத்து. பைத்தான் எண்ணினால் பதின்மூன்று, ஏனெனில் புள்ளியும் துணைக்காலும் அதற்குத் தனித்தனி உருப்படிகள். வரி கொஞ்சம் முன்னதாக மடிந்தால் குடி முழுகிவிடாது. என்றாலும் கருவி எந்த ஊரில் பிறந்தது என்பதை அது காட்டிக்கொடுக்கிறது.

டேக் வேறு உரை வேறு என்ற பிரிவினை நம் மரபுக்கு அந்நியமில்லை என்று வாதிடலாம். ஓலைச்சுவடியில் செய்யுள் அடி பிரிக்காமல், பெரும்பாலும் புள்ளிகூட இடாமல், ஓலையின் விளிம்பு வரை ஓடியது. யாப்பு உள்ளே இருந்ததால் படிக்கத் தெரிந்தவருக்கு அடி தானாகப் பிரிந்தது. ஆறுமுக நாவலரும் சி.வை. தாமோதரம்பிள்ளையும் உ.வே. சாமிநாதையரும் அச்சுக்குக் கொண்டுவந்தபோதுதான் அடிகளும் இடைவெளிகளும் கண்ணுக்குத் தெரிந்தன. ஆகவே களைதல் நமக்குப் பயமில்லை. எல்லாவற்றையும் களைந்தாலும் எஞ்சுவது எதுவோ அதுவே பாட்டு என்று நானும் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தத் தொகுப்பு அந்த நிம்மதியைக் கெடுத்துவிட்டது.

இந்தப் பக்கங்கள் பாமினி எழுத்துருவில் எழுதப்பட்டவை. ஈழத்திலும் ஐரோப்பாவிலும் அந்தக் காலத்தில் தமிழ் தட்டெழுதிய பெரும்பாலோர் அதில்தான் எழுதினார்கள். யூனிகோடில் தமிழ் 1991இலேயே இடம்பிடித்துவிட்டது உண்மைதான். ஆனால் சாதாரண வீட்டுக் கணினியில் அது எழுந்து நிற்க, லதா எழுத்துருவோடு விண்டோஸ் 2000 வர வேண்டியிருந்தது. அதுவரை, அதற்குப் பிறகும் பல வருடங்கள், பாமினிதான். பாமினிக்குள் தமிழ் எழுத்துகளுக்கென்று தனி எண்கள் இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துரு அது. ‘தமிழ்’ என்று திரையில் தெரிவதன் அடியில் கிடப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. இது தமிழ் என்று உலாவிக்குச் சொன்ன ஒரே சாட்சி, முன்னால் நின்ற எழுத்துரு டேக். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பொருளற்ற ஆங்கிலக் கூட்டெழுத்து. 1997 டிசம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். 4.0 இந்த எழுத்துரு டேக்கைக் கைவிடத்தக்கது என்று அறிவித்தது; வெறும் அலங்காரத்தைப் பக்கத்தின் கட்டமைப்பிலிருந்து பிரித்துவைக்க வேண்டும் என்பது அதன் நியாயம். அதே வருடங்களில்தான் பேர்ணிலும் சூரிச்சிலும் இங்கும் இரவு வேலை முடிந்து வந்தவர்கள், தங்கள் அம்மாக்களின் மரணச் செய்தியை அந்த டேக்குக்குள் வைத்து எழுதிக்கொண்டிருந்தார்கள். விதியை எழுதியவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அவர்களுடைய எழுத்துக்கு அது அலங்காரம்தான்.

களைந்த பிறகு பாமினியை யூனிகோடாக்க மாற்றிகள் உண்டு. சுரதாவின் பொங்குதமிழ் மாற்றியைப் பயன்படுத்தாத புலம்பெயர்ந்த தமிழ் எழுத்தாளர் குறைவு. ஆனால் டேக் போய்விட்டால் எது பாமினி, எது ஜெர்மன் என்று மாற்றிக்குத் தெரிய வழியில்லை. அசல் பக்கத்தில் ஊர்ப் பெயரை ரோமன் எழுத்தில் காட்ட, பாமினி டேக்கை மூடி, ஏரியல் டேக்கைத் திறந்து, மீண்டும் பாமினிக்குத் திரும்பியிருப்பார்கள். டேக்குகள் உதிர்ந்த பின் மாற்றி எல்லாவற்றையும் தமிழாக்கும். என் கோப்புகளில் இந்த ஊர் பல இடங்களில் ‘ஐவெநசடயமந’ என்று தொடங்கும் ஒரு சொல்லாகக் கிடக்கிறது. பழைய ஈழத்துப் பக்கங்களைப் படித்தவர்களுக்கு இந்த மாதிரிச் சொற்கள் பழக்கம். முதல் ‘ஐ’யைக் கண்டவுடன் உள்ளே ஓர் ஆங்கில ‘ஐ’ ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். இந்த அலங்கோலம் எனக்கு இப்போது பிடிக்கிறது. அது ஒரு தழும்பு. இங்கே ஏதோ நடந்தது என்று சொல்கிறது, சரிசெய்யவும் வழி தருகிறது. என்னை அரித்தது இதுவல்ல.

என்னை அரித்ததைக் கடைசியில் ஓர் எழுத்தின் வழியாகத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. ஈழத் தமிழரின் இவ்வளவு பெரிய தொகுப்பில் ‘ஈழம்’ என்ற சொல் கிட்டத்தட்ட இல்லை. ‘தமிழீழம்’ தாராளமாக இருக்கிறது. ‘ஈழம்’, ‘ஈரம்’, ‘ஈமக்கிரியை’ எதுவும் இல்லை. அங்கொன்று இங்கொன்றாகத் தப்பியவை மட்டும். தப்பியவற்றை அடுக்கிப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரிந்தது: அவற்றுக்குப் பிறகு அந்தக் கோப்பில் காற்புள்ளியே வரவில்லை. பாமினியின் விசைகளை அறிந்தவர்கள் இந்நேரம் ஊகித்திருப்பார்கள். அதில் ‘ஈ’ உட்கார்ந்திருப்பது, டேக்கைத் திறக்கும் இடப்பக்கக் கோண அடைப்பின் மேல். ‘இ’ ஆங்கிலக் காற்புள்ளியின் இடத்தைப் பிடித்துக்கொண்டதால் காற்புள்ளி நகர்ந்து போய் உட்கார்ந்த இடம், டேக்கை மூடும் வலப்பக்கக் கோண அடைப்பு. அசல் பக்கத்தில் இது சிக்கலாகவில்லை. பக்கத்தை எழுதியவரோ எழுதிய மென்பொருளோ அந்தக் கோணத்தை மாற்றுக் குறியீடாகப் பாதுகாத்து வைத்திருந்தது, உலாவி அதை ‘ஈ’ என்று சரியாகவே காட்டியது. டேக் களையும் லைப்ரரி தன் வேலையைச் சரியாகச் செய்தது: டேக்குகளை எடுத்தது, மாற்றுக் குறியீடுகளைப் பழையபடி கோணங்களாக்கியது. அதன் பிறகு அந்த அக்கறையுள்ள கை, ஒருவேளை ஏதும் டேக் மிச்சமிருந்தால் என்று, எல்லா நிரலாளரும் எழுதும் அந்த ஒற்றை வரியை எழுதியிருக்க வேண்டும்: திறக்கும் கோணத்திலிருந்து அடுத்த மூடும் கோணம் வரை உள்ளதை நீக்கு. அதாவது, பாமினியின் கணக்கில், ‘ஈ’யிலிருந்து அடுத்த காற்புள்ளி வரை நீக்கு. ‘தமிழீழம்’ பிழைத்ததற்குக் காரணம், அங்கே ‘ஈ’ தனி எழுத்தாக நிற்காமல் ‘ழீ’க்குள் புகுந்துவிட்டதே.

இணைய ஆவணக் காப்பகத்தில் எஞ்சியிருந்த சில அசல் பக்கங்களைத் தேடி எடுத்து ஒப்பிட்டபோது என் கைகள் சில்லிட்டன. மரண அறிவித்தல்களின் நடை நமக்குத் தெரிந்ததுதான்: இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார். இறுதியில் இப்படி வரும்: அன்னாரின் ஈமக்கிரியைகள் ஞாயிறு காலை இன்ன மண்டபத்தில் நடைபெற்று, பூதவுடல் தகனம் செய்யப்படும். கோப்பில் இருப்பது: அன்னாரின் பூதவுடல் தகனம் செய்யப்படும். இலக்கணம் பிசகவில்லை. வேற்றுமை உருபு அடுத்த பெயரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கிழமையும் நேரமும் மண்டபமும் கிரியையும் போன இடத்தில் வாக்கியம் தன்னைத் தானே மூடிக்கொண்டது. தமிழ் வாக்கியம் இவ்வளவு எளிதில் ஆறிவிடும் என்பது எனக்குத் தெரியாது. வினை கடைசியில் நிற்பதால் நடுவில் எதை உருவினாலும் முடிவு முடிவாகவே இருக்கிறது. கவிதைகளில் நிலைமை இன்னும் மோசம். கவிஞர்கள் காற்புள்ளியை அரிதாகவே போடுகிறார்கள். ஈழம் என்று தொடங்கிய ஓர் அடி, அடுத்த காற்புள்ளியைத் தேடிக்கொண்டு மூன்று பத்திகளை விழுங்கிவிட்டுப் போயிருக்கிறது. காற்புள்ளியே இல்லாத கவிதை முழுதாகத் தப்பிவிட்டது. எது வாழ்ந்தது எது போனது என்பதைத் தீர்மானித்தது நிறுத்தற்குறி.

புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. 1894இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்தபோது மிச்சமுள்ள பாடல்களை நெருக்கி வைத்துப் புதிதாக எண்ணிட்டிருக்கலாம், யார் கேட்டிருப்பார்கள்? ஆனால் இரண்டு எண்களும் இன்றுவரை வெறுமையாகவே நிற்கின்றன. ஐங்குறுநூற்றில் 129, 130. பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் பத்தாம் பத்தும். இல்லாததையும் எண்ணி வைக்கும் பதிப்பு ஒழுக்கம் அது. செல்லரித்த ஓலையில் எழுத்து சிதைந்த இடங்களையும் புள்ளியிட்டுக் காட்டினார்கள். செல் அரித்தால் ஓலையில் துளை விழும். துளை கண்ணுக்குத் தெரியும். நம் காலத்தின் கருவிகள் துளை விழாமல் அரிக்கின்றன. எழுத்துகள் ஒன்றையொன்று நெருங்கி வந்து இடைவெளியை மூடிவிடுகின்றன, கோப்பின் அளவு சில பைட் குறைகிறது. இது நடந்தது என்று எதிலும் பதிவாவதில்லை.

இதே நாட்டில், லவுசானில், முனைவர் கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். அதன் தொடக்ககால மின்பதிப்புகள் பெரும்பாலும் பரவியது திஸ்கி குறியேற்றத்தில். திஸ்கி ஆங்கில எழுத்துகளை அவற்றின் இடத்திலேயே விட்டுவிட்டு, தமிழை மேல்பாதியில் குடியேற்றியது. கோண அடைப்பு கோண அடைப்பாகவே இருந்தது, ஈகாரத்துக்குத் தனி இடம் கிடைத்தது. (மேல்பாதி தமிழுக்குப் போய்விட்டதால் ஜெர்மன் மொழியின் இரட்டைப் புள்ளி எழுத்துகளுக்கு இடமில்லாமல் போனது, யுங்ஃப்ராவுக்குப் பக்கத்தில் நிற்கும் மோன்ஹ் சிகரத்தின் பெயரை ரோமன் எழுத்தில் திஸ்கிக் கோப்புக்குள் சரியாக எழுத முடியாது. எதையாவது இழக்காமல் எதுவும் கிடைத்ததில்லை.) குறியேற்றத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, மதுரைத் திட்டக் கோப்புகளின் தலையில் வரும் சில வரிகள். யார் தட்டெழுதினார், யார் மெய்ப்புப் பார்த்தார் என்ற விவரம், பிறகு ஒரு வேண்டுகோள்: இந்த முகப்பை மாற்றாமல் வைத்திருந்தால் கோப்பை யாருக்கும் தாராளமாக வழங்கலாம். பிரதி தன் பிறப்பைத் தானே சுமந்து திரிய வேண்டும் என்ற எண்ணம் அது. இன்று இயந்திரங்களுக்குத் தமிழ் கற்பிக்க உரை திரட்டுகிறவர்கள் முதலில் வெட்டுவது இப்படிப்பட்ட முகப்புகளைத்தான். உள்ளடக்கம் அல்லாத பகுதி என்று அதற்குப் பெயர். எது உள்ளடக்கம் என்ற கேள்விக்கு ஒவ்வொரு வெட்டும் ஒரு பதில் சொல்லிவிட்டுப் போகிறது.

எனக்கு இன்னும் தீராத சந்தேகம் வரிகளைப் பற்றியது. வரியை முறிக்கும் டேக்கை ஸ்வார்ட்ஸின் லைப்ரரி எப்படி மாற்றுகிறது தெரியுமா? வரியின் இறுதியில் இரண்டு வெற்றிடங்கள், பிறகு அடுத்த வரி. மார்க்டவுனில் அந்த இரண்டு வெற்றிடம்தான் ‘இங்கே முறி’ என்ற கட்டளை. கண்ணுக்குத் தெரியாது. வரி ஓரத்தில் தொங்கும் வெற்றிடத்தைக் குப்பை என்று துடைத்துவிடும் எடிட்டர் ஒன்றில் திறந்து சேமித்தால் கட்டளை அழிந்துவிடும். அடுத்த முறை அது பக்கமாக மாறும்போது கவிதை உரைநடையாகிக் கிடக்கும். வெண்பாவுக்கு இதனால் ஒன்றும் ஆகாது, தளை அதைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் ந. பிச்சமூர்த்திக்குப் பிறகு, 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’க்குப் பிறகு, தமிழில் கவிதை என்பது பெரும்பாலும் வரி முறியும் இடம்தானே. யாப்பை இறக்கிவைத்தவர்கள் அது செய்துகொண்டிருந்த வேலையில் ஒரு பகுதியைக் காகிதத்தின் வெள்ளை இடத்திடம் கொடுத்தார்கள். அந்த வெள்ளை இடம் இப்போது இரண்டு வெற்று எழுத்துகளாகச் சுருங்கி, யாரும் பார்க்காத ஓரத்தில் நிற்கிறது.

தொகுப்பில் உள்ள கவிதைகளில் சில, இதே ஊரில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்தவர் எழுதியவை. அசல் பக்கத்தில் வரிகள் மிகக் குறுகலாக முறிந்திருந்தன. ஒடுங்கிய அட்டவணைக் கட்டத்துக்குள் அடக்குவதற்காகப் பக்கம் செய்தவர் முறித்தாரா, எழுதியவரே முறித்தாரா என்று தெரியாமல் அவரையே போய்க் கேட்டேன். ஓய்வுபெற்றுவிட்டார். வீட்டில் தேநீரும் வெங்காயம் வதங்கும் மணமும். “அண்ணை, இந்த வரியள் நீங்கள் வேணுமெண்டு முறிச்சதோ?” சிறிது நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். “குசினிக்கு ஓர்டர் அடிச்சு வாற தாள் இருக்கெல்லோ தம்பி, அதின்ரை பின்பக்கத்திலதான் எழுதுறனான். தாள் அவ்வளவுதான் அகலம்” என்றார். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே ஒரு கவிதையை உரக்க வாசித்தார். ஒவ்வொரு வரியின் முடிவிலும் நிறுத்தினார், சமையலறைத் தாள் தீர்ந்த ஒவ்வொரு இடத்திலும். அந்த நிறுத்தங்களில் மூச்சு ஏறி இறங்கியது. தாளின் அகலத்துக்கு முறிந்த வரி எப்போது அவருடைய மூச்சாயிற்று என்பதை அவராலும் சொல்ல முடியாது. தோற்றம் இது, உரை இது என்று நான் கோடு கிழிக்கப் போன இடத்தில் கோடு கிழிக்க இடமே இருக்கவில்லை.

இப்போது வேலையை முதலிலிருந்து செய்துகொண்டிருக்கிறேன். அசல் கிடைத்த பக்கங்களில் டேக்குகளைக் களைவதற்கு முன்பே, எழுத்துரு டேக்கின் எல்லைகளைப் பார்த்துப் பாமினிப் பகுதிகளை மட்டும் யூனிகோடாக்குகிறேன். கோணங்கள் ஈகாரமும் காற்புள்ளியுமாக மாறிய பிறகே மற்ற டேக்குகளில் கை வைக்கிறேன். வரி மடிப்பை அணைத்துவிட்டேன். வரி முறிவுகளுக்கு இரண்டு வெற்றிடத்தை நம்பாமல், மார்க்டவுனின் பிற்கால வடிவங்கள் சில அனுமதிக்கும் இன்னொரு வழியான பின்சாய்கோட்டை வரி இறுதியில் வைக்கிறேன். பார்க்க அழகாக இல்லை, ஆனால் தெரிகிறது. ஒவ்வொரு கோப்பின் தலையிலும் அது எந்த எழுத்துருவில் பிறந்தது, எந்த வரிசையில் மாற்றப்பட்டது என்று எழுதிவைக்கிறேன். அசல் கிடைக்காதவை பாதிக்கு மேல். மரண அறிவித்தல்களில் கிரியை நடக்கும் நாளும் இடமும் இல்லாமல் தகனம் மட்டும் வந்தால், அங்கே சதுர அடைப்புக்குள் ஒரு புள்ளி வரிசை போட்டுவிடுகிறேன். அறிவித்தலின் நடை உறுதியானது, எது இல்லை என்று அதுவே காட்டிக்கொடுக்கிறது. கவிதைகளுக்கு அப்படி ஒரு நடை இல்லை. அவற்றில் புள்ளி வரிசையை எங்கே போடுவது என்று எழுதியவர்களைத் தேடிப்பிடித்து ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். சிலரிடம் பழைய கொப்பிகள் இருக்கின்றன. சிலர் தங்கள் கவிதையைக் கோப்பில் படித்துவிட்டு, சரியாகத்தான் இருக்கிறது, இப்படித்தான் எழுதினேன் என்கிறார்கள்.